சின்னக் கல்லூரி, தூர தேசம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை, அதாவது கலை, அறிவியல் என்று பிரிக்காமல் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கவைக்கிற கல்லூரிகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பேர் மட்டும் படிக்கிற, கிட்டத்தட்ட எல்லோரும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கிற கல்லூரிகள். அயோவா மாநிலத்தில் அப்படி ஒன்றில் உதவித்தொகையில் படித்து முடித்து, இப்போது பாளையங்கோட்டையில் பாடம் நடத்துகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இத்தனை கடிதம். அம்பை, கடையம், மேலப்பாளையம், நாங்குநேரி என்று பல ஊர்களிலிருந்து வந்தவற்றில், நிறையப் பேருக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டேன். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

"அக்கா, எனக்கு இயற்பியலும் பிடிக்கும், தமிழ் இலக்கியமும் பிடிக்கும். எங்க மாமா, 'லிபரல் ஆர்ட்ஸ்னா பி.ஏ. தானே, அதுக்கு எதுக்கு அமெரிக்கா'ங்கிறாங்க. நான் விண்ணப்பிக்க நினைக்கிற கல்லூரிப் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியல. நிஜமாவே நல்ல கல்லூரிதானா?"
– பிளஸ் டூ மாணவி, அம்பாசமுத்திரம்

தங்கச்சி, மாமா சொல்வதில் ஒரு பாதி சரி. இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் பி.ஏ. பட்டம்தான் கொடுப்பார்கள், இயற்பியல் படித்தாலும் கணிதம் படித்தாலும் அதேதான். அதை வைத்து அங்கே அறிவியல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இன்டெல் நிறுவனத்தை 1968-ல் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ், அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் 1949-ல் பட்டம் வாங்கியவர். 1989-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் செக்கும் அதே கல்லூரிதான். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான், கானாவிலிருந்து போய் மினசோட்டாவின் மக்காலெஸ்டர் கல்லூரியில் பொருளாதாரம் படித்து 1961-ல் பட்டம் பெற்றார். மாமாவுக்கு இந்தக் கல்லூரிகளின் பெயர் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து அமெரிக்கா போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள், இந்தக் கல்லூரிகளில் எம்.எஸ்.ஸும் பிஎச்.டி.யும் அநேகமாகக் கிடையாது, அப்புறம் எப்படி அந்தப் பெயர்கள் நம் காதுக்கு வரும்?

மேற்படிப்பு இல்லை என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்பில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேப்பர் திருத்துகிறவர் ஓர் ஆராய்ச்சி மாணவராக இருப்பார், புரொபசரை மேடையில் பார்ப்பதோடு சரி. சின்னக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களே இல்லாததால் புரொபசர்தான் பாடம் நடத்த வேண்டும், லேபில் நிற்க வேண்டும், உன் கட்டுரையையும் அவரேதான் உட்கார்ந்து திருத்த வேண்டும். அவருடைய ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டுமென்றால் உன்னை மாதிரி இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிற கணக்குக்குப் பக்கத்தில் இருக்கும்.

முக்கியப் பாடத்தை இரண்டாமாண்டு முடிவில் தேர்ந்தெடுத்தால் போதும். அதுவரை இயற்பியலையும் இலக்கியத்தையும் சேர்த்தே எடுக்கலாம், அதற்குப் பிறகும் இரண்டையும் விடாமல் படிக்கலாம், அங்கே யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். கிரின்னல், ஆமர்ஸ்ட் போன்ற இடங்களில் முதலாண்டு செமினார் (சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கிற வகுப்பு) ஒன்றைத் தவிர எல்லோரும் கட்டாயம் எடுத்தாக வேண்டிய பொதுப் பாடம் என்று எதுவும் கிடையாது.

மாமாவிடம் இன்னொன்றும் சொல். பாளையங்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரிக் கல்லூரி ஒன்றும் அந்நியமில்லை. செயின்ட் ஜான்ஸ் 1878, சாராள் தக்கர் 1895, செயின்ட் சேவியர்ஸ் 1923 என்று வரிசையாக மிஷனரிமார் தொடங்கிய கல்லூரிகள் நம்மிடம் இருக்கின்றன. அந்த அமெரிக்கக் கல்லூரிகளிலும் பல சபைக்காரர்கள் தொடங்கியவைதான். ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் படித்து முடித்த பிள்ளைகள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்துபோன வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. நூறு மைல் தள்ளி மதுரையில் போய் விசாரித்தால் ஓபர்லின் பெயர் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள்.

"பையன் நல்லாப் படிப்பான். அவங்க அப்பா இல்லை. நான் பீடி சுத்தித்தான் குடும்பம் ஓடுது. ஸ்காலர்ஷிப்புல அமெரிக்கா போயிரலாம்னு சொல்றான். ஒரு ஏஜென்ட், மூணு லட்சம் கொடுத்தா எல்லாம் முடிச்சுத் தாரேங்கிறார். நகையை வச்சுக் கொடுக்கலாமா?"
– ஒரு தாய், கடையம் அருகில்

கொடுக்காதீங்கம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏஜென்ட் செய்கிற எந்த வேலையையும் உங்கள் மகன் ஒரு போனும் இணைய இணைப்பும் இருந்தால் தானே செய்துகொள்ளலாம். சந்தேகம் வந்தால் சென்னையில் யு.எஸ்.ஐ.இ.எஃப். என்கிற இந்திய – அமெரிக்கக் கல்வி அமைப்பின் அலுவலகம் இருக்கிறது, அங்கே எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசகர்கள் கல்லூரி தேடுவது, விண்ணப்பிப்பது பற்றிச் சொல்வார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று கல்லூரிக்கே இரண்டு வரி எழுதிக் கேட்டால் பல இடங்களில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். சில கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு முதலிலேயே கட்டணம் இல்லை. மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு 'கட்டாயம் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவேன்' என்று ஒருவர் சொன்னால் அது பொய். உதவித்தொகையை முடிவு செய்கிறவர்கள் கல்லூரிக்காரர்கள், அதில் இடையில் நிற்கிறவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இனி பணக் கணக்கு. இதை மறைக்காமல் சொல்கிறேன், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பெயர்பெற்ற சின்னக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது, நம் பணத்தில் சுமார் 70 லட்சம். முழுத் தொகையையும் கட்டி அனுப்புவது நம்மில் யாருக்கும் நடக்கிற காரியமில்லை. ஆனால் இதே கல்லூரிகளில் சில, எடுத்துக்கொண்ட மாணவருக்கு வீட்டு வருமானத்தைப் பார்த்து, உங்களால் கட்ட முடியாத மீதி முழுவதையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. நான் படித்ததும் அப்படித்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஆமர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா இல்லையா என்பதைப் பார்க்காமலேயே இடம் கொடுக்கலாமா என்று முடிவு செய்கின்றன. மற்றவை பெரும்பாலும் அதையும் சேர்த்துப் பார்க்கும், அதாவது எவ்வளவு உதவி வேண்டும் என்று கேட்கிறோமோ அவ்வளவுக்கு இடம் கிடைப்பது கடினமாகும். அதற்காக உதவி வேண்டாம் என்று எழுதிவிட்டு, போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பல கல்லூரிகளில், சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு அப்புறம் நாலு வருடமும் கொடுக்க மாட்டார்கள். கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்று ஒரு கல்லூரி இருக்கிறது, 1855-ல் தொடங்கியது. அங்கே யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, அதற்குப் பதிலாக எல்லா மாணவரும் வளாகத்தில் வேலை செய்தாக வேண்டும். வெளிநாட்டவருக்கு மிகக் குறைவான இடங்கள்தான், இருந்தாலும் உங்கள் மகன் அந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

வருமானத்தைக் காட்ட சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று ஒரு படிவம் கேட்பார்கள். அது அமெரிக்கக் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்தது, வீட்டுக்கடன் எவ்வளவு, ஓய்வூதிய முதலீடு எவ்வளவு என்றெல்லாம் கேட்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, வாரம் இவ்வளவு சுற்ற முடியும், இலையும் தூளும் வராத வாரம் கூலி கிடையாது என்பதை அந்தக் கட்டங்களில் அடைக்க முடியாது. ஆகவே தனியாக ஒரு பக்கம் எழுதி இணைக்கச் சொல்லுங்கள். பீடிக் கடை பாஸ்புக்கின் நகல், இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, இவற்றையும் சேர்த்து அனுப்பலாம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். அதைப் படித்துக் கணக்குப் போடுவதற்கென்றே அங்கே ஆள் இருக்கிறார்கள்.

இடம் கிடைத்துக் கடிதம் வந்தால், மொத்தத் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் அதில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன், எவ்வளவு அவன் வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது என்று பிரித்துப் பாருங்கள். வருடா வருடம் கட்டணம் ஏறும்போது உதவியும் ஏறுமா என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர், முதல் குளிருக்குக் கோட்டும் பூட்ஸும் என்று கைக்காசு தேவைப்படும் செலவுகள் இருக்கின்றன. சில கல்லூரிகள் அதற்கும் உதவும், கேட்டால்தான் தெரியும். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிறவர், கல்லூரி நடக்கிற நாட்களில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அதில் கைச்செலவு ஓடும். வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்கு மிஞ்சாது, அதை இப்போதே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விஷயம் யாருமே சொல்ல மாட்டார்கள். உதவித்தொகையில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய பகுதிக்கு அமெரிக்காவில் வரி உண்டு, வெளிநாட்டு மாணவருக்கு வழக்கமாக 14 சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் இந்திய – அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், வரி கணக்கிடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்கிற தொகை) கோரலாம். 2024-ஆம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். 1040-என்ஆர் என்கிற வருமான வரிப் படிவத்தில் அதைப் போட்டுத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வரும், சில சமயம் முழுவதுமே வரும். வேறு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகை என்பதால் கல்லூரி அலுவலகத்திலேயே சிலருக்கு இது தெரியாது. உங்கள் மகன் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளட்டும்.

"அக்கா, வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வகுப்புல பன்னிரண்டு பேர்தான். எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க, நான் மட்டும் வாயைத் திறக்கல. பங்கேற்புக்கு இருபது சதவீத மதிப்பெண். பிளஸ் டூல பள்ளியில முதல் மாணவன் நான். இங்க நான் முட்டாள்னு நினைச்சுட்டாங்களோன்னு இருக்கு."
– ஒஹையோவிலிருந்து, சொந்த ஊர் சேரன்மகாதேவி

தம்பி, வந்த கடிதங்களிலேயே உன்னுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அயோவா போன புதிதில் இருந்த அதே இடத்தில்தான் நீ இப்போது இருக்கிறாய்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். அங்கே பேசுகிறவர்கள் எல்லாம் விடை தெரிந்துகொண்டு பேசவில்லை. பேசிக்கொண்டே யோசிக்கிறார்கள், பாதியில் கருத்தை மாற்றிக்கொள்கிறார்கள், அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பள்ளிக்கூடத்தில் சார் கேட்டால் எழுந்து நின்று சரியான விடையைச் சொல்ல வேண்டும், தப்பென்றால் அப்படியே நிற்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அப்படிப் பழகிய உடம்பு இரண்டு மாதத்தில் எப்படி மாறும்? மனதுக்குள்ளே வாக்கியத்தை முழுதாகக் கட்டி, இலக்கணம் பார்த்து, சொல்லலாம் என்று நிமிர்வதற்குள் பேச்சு மூன்று விஷயம் தாண்டிப் போயிருக்கும். சரிதானே?

இதற்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன். முந்தின இரவு படிக்கும்போது ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடு. உனக்குப் புரியாத வரியாகவோ, ஒப்புக்கொள்ள முடியாத வரியாகவோ இருக்கட்டும். பக்க எண்ணோடு குறித்துக்கொள். மறுநாள் வகுப்பு தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடு. 'நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இவர் சொல்வது எனக்கு விளங்கவில்லை' என்றால் போதும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் கழித்து நுழைவதுதான் கடினம். முதல் பத்து நிமிடத்தில் பேசிவிட்டால் மீதி நேரம் நிம்மதியாகக் கேட்கலாம், அடுத்த தடவை வாய் தானாகத் திறக்கும்.

அடுத்தது, புரொபசர்களின் ஆபீஸ் ஹவர்ஸ். நம் பிள்ளைகள் இதைத் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். ஏதாவது வம்பு செய்தால்தான் ஆசிரியர் அறைக்குப் போக வேண்டும் என்கிற பயம் நமக்கு இருக்கிறது. அங்கே அந்த நேரம் மாணவர்கள் வர வேண்டும் என்பதற்காகவே ஒதுக்கியது, யாரும் வராவிட்டால் அவர்கள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குச் சுற்றுச்சூழல் வரலாறு நடத்திய பேராசிரியர் ஒரு சின்ன அறையில் இருந்தார். எதிர் நாற்காலி முழுக்கப் புத்தகமாக இருக்கும், நான் கதவைத் தட்டினால் அந்தக் கட்டு அப்படியே தரைக்கு இறங்கும், அப்புறம் நான் உட்கார வேண்டும். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை மாநிலங்கள் பங்கு பிரித்ததைப் பற்றிய கட்டுரையை விவாதித்த வகுப்பில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். 'உன் ஊரில் ஆறு இருக்கிறதா, தண்ணீரை எப்படிப் பங்கு போடுகிறார்கள்?' என்று கேட்டார்.

அவ்வளவுதான், எனக்கு மடை திறந்துவிட்டது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை, கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்தால் எந்த ஊர் வயலுக்கு முதலில் பாயும், கடைமடைக்காரர் எப்போது சண்டைக்கு வருவார் என்று எங்கள் தாத்தாவிடம் கேட்டதையெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஓர் ஆசிரியர் நான் சொல்வதைக் குறித்துக்கொண்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தப் பருவத்தின் கட்டுரையை அதைப் பற்றியே எழுது என்றார். பென்சிலால் ஓரமெல்லாம் எழுதித் திருப்பிக் கொடுத்தார், 'இது உன் கருத்தா, புத்தகத்தின் கருத்தா?' என்று நாலு இடத்தில். பிறகு வகுப்பில் கொலராடோ வந்தபோதெல்லாம் என் பக்கம் திரும்பி, 'தாமிரபரணியில் இதற்கு என்ன செய்வார்கள்?' என்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

நீ சேரன்மகாதேவிக்காரன். அந்தப் பதினொரு பேருக்கும் தெரியாத ஒரு உலகம் உன்னிடம் இருக்கிறது, அதை வகுப்பில் கொண்டுபோய் வை. வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. இந்த வாரமே அந்தப் புரொபசரின் அறைக்குப் போ. 'எனக்கு வகுப்பில் பேசுவது கடினமாக இருக்கிறது, என்ன செய்யலாம்' என்று நேராகக் கேள். சின்னக் கல்லூரியில் அவர் உன்னை ஏற்கனவே கவனித்திருப்பார், நீ வரவேண்டும் என்று காத்துக்கொண்டும் இருக்கலாம்.

கட்டுரை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் உள்ள வரியை அப்படியே எழுதுவது நமக்கு நல்ல மாணவனின் அடையாளம். அங்கே எங்கிருந்து எடுத்தாய் என்று குறிப்பிடாமல் ஒரு வரியை எடுத்தால் விசாரணைக் குழு வரை போகும், தெரியாமல் செய்தேன் என்பது எப்போதும் எடுபடாது. ஹேவர்ஃபர்ட் போன்ற கல்லூரிகளில் தேர்வு அறையில் கண்காணிப்பாளரே இருக்க மாட்டார், மாணவர் நேர்மையை நம்பியே நடத்துகிறார்கள், அதனாலேயே அதை மீறினால் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். கட்டுரை எழுத உதவுகிற ரைட்டிங் சென்டர் என்று ஒன்று உன் கல்லூரியிலும் இருக்கும், முதல் வரைவை அங்கே கொண்டுபோய்க் காட்டு. அவகாசம் வேண்டுமென்றால் கெடு முடிவதற்கு முன்பே இரண்டு வரி மின்னஞ்சல் போடு, முடிந்த பிறகு காரணம் சொல்லாதே.

"மகள் அமெரிக்கா போகணும்னு பிடிவாதமா இருக்கா. ஆணும் பெண்ணும் ஒரே ஹாஸ்டல்னு சொல்றாங்க. ஹலால் சாப்பாடு, நோன்பு, தொழுகை இதுக்கெல்லாம் என்ன வழி?"
– ஒரு தாய், மேலப்பாளையம்

உங்கள் கவலை நியாயமானது, மகளிடம் சண்டை போடாமல் உட்கார்ந்து பேசுங்கள். பெண்களுக்கான கல்லூரிகள் அங்கேயும் இருக்கின்றன. ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், வெல்லஸ்லி, பிரின் மார் எல்லாம் பெயர்பெற்றவை. மவுண்ட் ஹோலியோக் 1837-ல் தொடங்கியது. நம் சாராள் தக்கர் மாதிரியே பெண்களைப் படிக்கவைக்க என்றே வந்தவை. வெளிநாட்டு மாணவிகளுக்கு அங்கே உதவித்தொகையும் உண்டு. ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஆமர்ஸ்ட் உள்ளிட்ட ஐந்து கல்வி நிறுவனங்கள் பக்கம் பக்கமாக இருப்பதால், ஒன்றில் சேர்ந்த மாணவி மற்றவற்றிலும் போய்ப் பாடம் எடுக்கலாம், இடையே பஸ் ஓடுகிறது.

மற்ற கல்லூரிகளிலும் பெண்கள் மட்டும் இருக்கிற மாடி, அறை கேட்கலாம், சேரும் முன் நிரப்புகிற படிவத்திலேயே எழுத வேண்டும். ஹலால் சில இடங்களில் தினமும் உண்டு, சில இடங்களில் இல்லவே இல்லை. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்குச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கிற உணவுக்கூடங்களும் இருக்கின்றன. இதை என்னிடம் கேட்பதை விட, மகள் அந்தந்தக் கல்லூரிக்கு எழுதி, அங்கே படிக்கிற ஒரு முஸ்லிம் மாணவியோடு பேச ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கட்டும். ஆயிரத்து ஐந்நூறு பேர் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துப் பேசவைப்பது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. நீங்களும் அந்தப் பெண்ணிடம் வீடியோவில் பேசுங்கள். உணவுக்கூடச் சாப்பாட்டில் எரிப்பு இருக்காது, ஊறுகாயும் இட்லிப்பொடியும் கொடுத்துவிடுங்கள். அறையில் தாளிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், கடுகு வெடித்த புகைக்கே அலாரம் அடித்து மொத்தக் கட்டடத்தையும் வெளியே வரச் சொல்லிவிடுவார்கள்.

"டிசம்பர்ல எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க. நாலு வாரம் நான் எங்க போக? இப்பவே அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டுது. அம்மாகிட்ட பேசினா அழுகை வருது, அதனால பேசுறதையே குறைச்சுட்டேன்."
– மினசோட்டாவிலிருந்து, சொந்த ஊர் வள்ளியூர்

பேசுவதைக் குறைக்காதே தம்பி. அங்கே காலை எட்டரை மணி என்றால் குளிர்காலத்தில் வள்ளியூரில் இரவு எட்டு மணி, அம்மா வேலையெல்லாம் முடித்து உட்காருகிற நேரம். வகுப்புக்குப் போகும் முன் பத்து நிமிடம் பேசு. அழுகை வந்தால் அழு, அம்மாவுக்கு உன் குரல் கேட்காமல் இருப்பதுதான் அதைவிடக் கஷ்டம்.

விடுமுறைக்குப் பல கல்லூரிகளில் விடுதியை மூடுவார்கள் அல்லது ஒரு கட்டடத்தை மட்டும் திறந்து வைப்பார்கள், உணவுக்கூடம் பெரும்பாலும் மூடியிருக்கும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே சொல்லி வை. உள்ளூர்க் குடும்பங்கள் மாணவரை ஏற்றுக்கொள்கிற ஏற்பாடு இருந்தால் தயங்காமல் சேர். என்னை நவம்பர் நாலாவது வியாழக்கிழமை நன்றி விழாவுக்குக் கூப்பிட்ட ஒரு விவசாயக் குடும்பம், அப்புறம் நாலு வருடமும் என்னைத் தங்கள் பிள்ளை மாதிரியே பார்த்துக்கொண்டது. மக்காச்சோளம் அறுத்த வயலைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாத இடம் அது. அந்த வீட்டுப் பெரியவரும் நானும் மழையையும் விளைச்சல் விலையையும் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

குளிருக்கு உள்ளூர்க்காரர்கள் போடுகிறபடி போடு. நீ இருக்கிற அதே மினசோட்டாவில் படித்த கோஃபி அன்னான், காதுக்குப் போடுகிற உறை அசிங்கமாக இருக்கிறது என்று முதலில் மறுத்து, காது உறைந்துபோகிற நிலை வந்த பிறகு கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கினாராம். ஓர் ஊரில் இருக்கிறவர்களை விட நமக்கு அந்த ஊரைப் பற்றி அதிகம் தெரியும் என்று நினைக்கக் கூடாது என்பதை அதில் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கோட்டு வாங்கக் காசில்லை என்றால் மாணவர் அலுவலகத்தில் கேள், மேல்வகுப்புப் பிள்ளைகள் விட்டுப்போனவை இருக்கும்.

படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்கு மனம் கனத்தால் கல்லூரியின் கவுன்சலரைப் பார். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, பெற்றோருக்கோ புரொபசருக்கோ சொல்ல மாட்டார்கள். வெளிச்சம் குறைந்த நாட்களில் அந்த ஊர்ப் பிள்ளைகளே நிறையப் பேர் அங்கே போவார்கள்.

"படித்துவிட்டு ஊர் திரும்பினால் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா? இதே மாதிரிக் கல்வி நம் நாட்டிலேயே கிடைக்காதா?"
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாங்குநேரி

செல்லும் ஐயா. அரசு வேலைக்கோ இங்கே மேற்படிப்புக்கோ போனால் அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்கிற இணைத்தன்மைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். பட்டச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் பத்திரமாக இருந்தால் சிக்கலில்லை. அங்கேயே கொஞ்சம் வேலை பார்க்க விரும்பினால், இப்போதைய விதிப்படி படிப்பு முடிந்து 12 மாதம் அனுமதி, அறிவியல், கணிதம் போன்ற துறைகளுக்கு மேலும் 24 மாதம் கேட்கலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2025-லிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். ஆகவே தூதரகத்தின் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

நம் நாட்டில் சோனிபட்டில் அசோகா, பெங்களூரில் அசிம் பிரேம்ஜி, ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் என்று இந்த வழியில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் இவற்றுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் கறாராகச் சொல்வேன். கிடைக்காமல் போனால் ஒரு வருடம் வீணாகக் கூடாது.

"நான் இப்போ பிளஸ் ஒன். எதை எப்போ ஆரம்பிக்கணும்?"
– மாணவன், களக்காடு

பிளஸ் டூ தொடங்குவதற்கு முந்திய கோடை விடுமுறையிலேயே கல்லூரிப் பட்டியல் தயாராக வேண்டும். ஒரே கல்லூரிதான் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு நவம்பர் முதல் வாரத்திலோ நடுவிலோ கெடு, மற்றவர்களுக்கு ஜனவரி முதல் இரண்டு வாரத்துக்குள். கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும் என்கிற முதல் வகையில் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை என்பதால், அந்தக் கல்லூரி முழுத் தேவையையும் ஏற்கும் என்று தெரிந்தால் மட்டும் அதைத் தொடு. ஆங்கிலத் தேர்வை செப்டம்பருக்குள் எழுதி முடி. எஸ்.ஏ.டி. என்கிற பொதுத் தகுதித் தேர்வு பல கல்லூரிகளில் கட்டாயமில்லை, உன் பட்டியலில் உள்ளவற்றில் யார் கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்.

நம் பிள்ளைகளுக்குத் தடங்கல் வருவது இதிலெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்தில்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்களும், தலைமையாசிரியர் நிரப்ப வேண்டிய படிவமும், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் அவர்களுடைய மின்னஞ்சலிலிருந்தே போக வேண்டும். பல பள்ளிகளில் இதை யாரும் இதுவரை செய்திருக்க மாட்டார்கள். ஜூலையிலேயே தலைமையாசிரியரைப் போய்ப் பார், என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடு. பரிந்துரைக் கடிதம் கேட்கிற ஆசிரியரிடம், நீ அவர் வகுப்பில் செய்த இரண்டு மூன்று காரியங்களை நினைவுபடுத்து. 'ஒழுக்கமான மாணவன், நன்றாகப் படிப்பான்' என்று மட்டும் எழுதினால் அங்கே படிக்கிறவருக்கு உன்னைத் தெரியாது. காலாண்டு விடுமுறைக்கு முன்பே எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிடு, அப்புறம் திருப்புதல் தேர்வு வந்தால் யாருக்கும் நேரம் இருக்காது.